ரிலேயர்: அஞ்சலரா, ஓலையரா?

க.: அன்பர்களே, காஸ்மாஸ் (பல பிளாக்செயின்களை இணைக்கும் வலையமைப்பு) வாலட் செயலி ஒன்றின் தமிழாக்கம் வெள்ளிக்குள் போயாக வேண்டும். பிளாக்செயினுக்குத் தொடரேடு என்று முடித்தாயிற்று, அதைக் கிளற வேண்டாம். மிச்சம் ரிலேயர், அதாவது ஒரு தொடரேட்டின் செய்திப் பொட்டலத்தை (பாக்கெட்) இன்னொன்றில் சேர்ப்பது. முன்வரைவில் இப்படி இருக்கிறது: "இடைத்தரகர் இன்னும் பொட்டலத்தைச் சேர்க்கவில்லை. காத்திருக்கவும்."

பொ.: தரகர் வேண்டவே வேண்டாம். தரகர் கையில் பணம் புரளும், இங்கே புரளாது. தொடரேடுகள் தமக்குள் செய்தி அனுப்பும் ஐபிசி நெறிமுறையில் அனுப்பும் தொடரேடு டோக்கனை, அதாவது எண்ணிம நாணயத்தை, தன்னிடமே பூட்டிவைத்து, பொட்டலத்தின் கைரேகை போன்ற ஹேஷைப் பதிகிறது. ரிலேயர் புதிய ஹெடரையும் (அந்தத் தொடரேட்டின் அண்மைப் பதிவுச் சுருக்கம்) மெர்க்கிள் சான்றையும் (பொட்டலம் அங்கே பதிவானதற்குக் கணித ஆதாரம்) மறுமுனையில் கொண்டுபோய்க் கொடுப்பதோடு சரி. அங்குள்ள லைட் கிளையன்ட் (எதிர்த் தொடரேட்டின் ஹெடர்களைப் பின்தொடரும் சிறு நிரல்) சரிபார்த்த பிறகே, பூட்டியதற்கு ஈடான ஈட்டு டோக்கன் உருவாகும். ஒரு பிட் மாறினாலும் சான்று தேறாது. அதனால்தான் யார் வேண்டுமானாலும் ரிலேயர் ஓட்டலாம். கெடு தாண்டினால் (ஐபிசி-கோ நிரலின் கட்டளைவரியில் வேறு கெடு சொல்லாவிட்டால் 10 நிமிடம்) 'வந்து சேரவில்லை' என்ற சான்றைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், பூட்டு திறக்கும். ஆகவே அஞ்சலர். இலங்கையில் ரிலே ரேஸ் இன்றும் அஞ்சல் ஓட்டம்தான்.

ந.: அஞ்சலர் என்றால் அஞ்சாதவர் என்றும் பொருள்படுமே ஐயா! குறளின் தூது அதிகார உரையில் பரிமேலழகர் தூதரை வகுத்துக் கூறுவான், கூறியது கூறுவான் என இருவகையாக்குகிறார். வடநூலார் ஓலை கொடுத்து நிற்பாரையும் கூட்டித் தலை, இடை, கடை என்பார்கள் என்கிறார். நம்மவர் அந்தக் கடைத்தூதர், ஓலையர். இரு தொடரேடுகளை இணைத்த ரோனின் பாலம் 2022இல் என்னானது பாருங்கள். 9 சரிபார்ப்பாளர் சாவிகளில் 5 திருட்டுப் போனதும் 1,73,600 ஈதர் நாணயம் போயிற்று. அங்கே சரிபார்ப்பாளர்கள் சொன்னதே சான்று, தலைத்தூதர்கள். இந்த வேறுபாட்டை அஞ்சலர் காட்டுமா?

பொ.: ஓலையர் என்றால் கூரை வேய்பவர் என்று நினைப்பார்கள்.

த.: முதலில் அது ஆளே அல்ல, ஹெர்மிஸ் போன்ற நிரல். உலாவி, செயலி போல இகர விகுதி சேர்த்தால் அஞ்சலி. டோக்கன் சிக்கியவருக்குப் பொருத்தம்தான். ரிலேயர் என்றே விடுங்கள். அதைவிட 'காத்திருக்கவும்' ஆபத்து. ரிலேயருக்கு இரண்டு தொடரேட்டிலும் கட்டணம் செலுத்த அந்தந்த டோக்கன் இருப்பு வேண்டும், ஒன்று தீர்ந்தாலும் பொட்டலம் நிற்கும். இது இருப்பு நிரப்பினால் சரியாகும். லைட் கிளையன்ட் காலாவதி அப்படியல்ல. காஸ்மாஸ் ஹப் என்ற தொடரேட்டில் சரிபார்ப்பாளர் வைத்த பிணை விடுபட 21 நாள், கிளையன்ட் பழைய ஹெடரை நம்பும் நம்பிக்கைக் காலம் வழக்கமாக அதில் மூன்றில் இரண்டு பங்கு, 14 நாள். அதற்குள் ஒருவரும் ஹெடரைப் புதுப்பிக்காவிட்டால் கிளையன்ட் முடங்கும். அனுப்பிய பக்கத்தில் முடங்கினால் கெடு தாண்டியும் டோக்கன் திரும்பாது. அந்தத் தொடரேட்டில் வாக்கெடுப்பு நடத்தி மாற்றுக் கிளையன்ட் வைக்க வேண்டும். அதுவரை காத்திருந்து என்ன பயன்?

க.: அஞ்சலர் 4, ரிலேயர் 2, ஓலையர் 1. வெள்ளிக்கு அஞ்சலர் போகிறது. 'காத்திருக்கவும்' நீக்கம். "அஞ்சலர் இருப்பு தீர்ந்தது", "இணைப்பு காலாவதியானது" என இரு வரிகள்.

ந.: என் மறுப்பு பதிவாகட்டும். பொட்டலம் மட்டும் எப்படித் தப்பியது? பாக்கெட்டுக்குச் சிப்பம் என்ற சொல் இருக்கிறதே.