எஃப்1ஏ கிளைடர் இறக்கையில் டர்புலேட்டர்: எங்கே ஒட்டுவது, எவ்வளவு தடிமன்?

கொங்கு_மிதவை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். போட்டிக்காக ஒரு எஃப்1ஏ இழுகயிற்றுக் கிளைடர் (கயிற்றில் இழுத்து ஏற்றியபின் தானாக மிதக்கும், இன்ஜின் இல்லாத மாடல் விமானம்) கட்டி முடித்திருக்கிறேன். இறக்கை வீச்சு 2.1 மீட்டர். இறக்கை அகலம் நடுவில் 15 செ.மீ., நுனியில் 11 செ.மீ. எடை 415 கிராம். நன்றாக வளைந்த பழைய பாணி வெட்டுமுகம், தடிப்பு 8 சதவீதம். முன்பகுதி முழுக்க பால்சா மரத் தகடு போர்த்தி, டிஷ்யூ (மெல்லிய காகிதம்) ஒட்டி, டோப் (காகிதத்தை இறுக்கும் பூச்சு) பூசி, வழவழவென்று தேய்த்திருக்கிறேன். ஐரோப்பியப் பிளான் ஒன்றைப் பார்த்துத்தான் கட்டினேன்.

50 மீட்டர் கயிற்றிலிருந்து விட்டால் 180 வினாடி மேக்ஸ் (கணக்கில் சேரும் அதிகபட்ச நேரம்) எட்ட வேண்டும். தெர்மல் (மேலெழும் வெப்பக் காற்று) இல்லாத நேரத்தில் இரண்டு நிமிடத்தைத் தாண்டுவதே சிரமமாக இருக்கிறது. பல்லடம் பக்கம் அறுவடை முடிந்த சோளக்காட்டில், விடியற்காலையில் பறக்கவிடுகிறேன். காற்று அசையாத வரை அழகாக மிதக்கிறது. லேசாக ஒரு வீச்சு வந்தால் போதும், மூக்கைத் தூக்கி ஸ்டால் ஆகிறது (தூக்கு விசை இழந்து சரிகிறது). அப்புறம் மூன்று நான்கு முறை குலுங்கித்தான் நிமிர்கிறது, அதற்குள் பத்து மீட்டர் உயரம் போய்விடுகிறது. சில நாள் அதே டிரிம்மில் (சமநிலை அமைப்பில்) ஏனென்று தெரியாமல் வேகமாக இறங்குகிறது.

மைதானத்தில் ஒருவர் டர்புலேட்டராக, அதாவது இறக்கை மேல் ஓடும் காற்றைக் கலைக்கும் சின்ன மேடாக, ஜிக்ஜாக் டேப் (ஓரம் பல்பல்லாக வெட்டியது) ஒட்டச் சொல்கிறார். இன்னொருவர் நூல் போதும் என்கிறார். மூன்றாமவர், இவ்வளவு மெருகேற்றிய பரப்பில் எதையும் ஒட்டாதே என்கிறார். யார் பேச்சைக் கேட்பது?

பால்சா_வாத்தியார் எழுதியது:

தம்பி, டேப்பைக் கையில் எடுக்கும் முன் உங்கள் இறக்கையில் என்ன நடக்கிறது என்று பார்த்துவிடலாம். டர்புலேட்டர் ஒரு குறிப்பிட்ட நோய்க்கு மருந்து. அந்த நோய் இல்லாத இறக்கையில் ஒட்டினால் இழுவை (காற்றுத் தடை) மட்டும்தான் கூடும்.

உங்கள் மாடல் மிதக்கும் வேகம் நொடிக்குச் சுமார் 5 மீட்டர் இருக்கும். அந்த வேகத்தில் 15 செ.மீ. அகலத்துக்கு ரெனால்ட்ஸ் எண் (வேகம், அகலம், காற்றின் பிசுக்கு மூன்றையும் சேர்த்து ஓட்டத்தின் குணத்தைச் சொல்லும் எண்) ஏறக்குறைய 50,000, நுனியில் 37,000. இது 15 டிகிரிக் காற்றுக்கான கணக்கு. நம் ஊரில் 35 டிகிரியில் காற்றின் இயக்கப் பாகுநிலை (அடர்த்திக்கு ஏற்ற பிசுக்கு) 13 சதவீதம் போலக் கூடிவிடுகிறது. காற்று லேசாவதால் மாடல் ஒரு துளி வேகமாகப் பறக்கும், அதைக் கழித்தாலும் ரெனால்ட்ஸ் எண் எட்டு ஒன்பது சதவீதம் இறங்கிவிடும். ஐரோப்பாவில் எல்லைக்கோட்டில் தப்பிக்கும் இறக்கை இங்கே தடுமாற இதுவே போதும். சில நாள் காரணமில்லாமல் இறங்குகிறது என்கிறீர்களே, அந்த நாட்களின் வெப்பநிலையையும் நோட்டில் குறித்து வையுங்கள்.

மேற்பரப்பை ஒட்டிய மெல்லிய காற்றுப் படலம் முன்விளிம்பிலிருந்து சீராக, அடுக்கடுக்காக ஓடி வருகிறது. இறக்கையின் மேடு தாண்டியதும் அழுத்தம் ஏறத் தொடங்கும். சீரோட்டத்துக்கு அந்த ஏற்றத்தை எதிர்த்து ஓடத் தெம்பு கிடையாது, பரப்பை விட்டு விலகிவிடும். ரெனால்ட்ஸ் எண் போதுமான அளவு இருந்தால், விலகிய ஓட்டம் கொந்தளித்துக் கொஞ்ச தூரத்திலேயே மறுபடி வந்து ஒட்டிக்கொள்ளும், இடையில் ஒரு குமிழி மட்டும் நிற்கும். எண் குறைந்தால் ஒட்டவே ஒட்டாது. ஜெர்மனியின் எஃப். டபிள்யூ. ஷ்மிட்ஸ் 1940-களின் தொடக்கத்தில் இதைக் காற்றுச் சுரங்கத்தில் அளந்து காட்டினார். என்60 என்ற வெட்டுமுகம் ரெனால்ட்ஸ் எண் 168,000-இல் நன்றாகத் தூக்கியது, 42,000-இல் சோர்ந்துவிட்டது. வெறும் வளைந்த மெல்லிய தகடு அந்தக் குறைந்த எண்ணிலும் வேலை செய்தது, அதன் கூரிய முன்விளிம்பே ஓட்டத்தைக் கொந்தளிக்க வைத்துவிடுவதால். தடித்த இறக்கைக்கும் முன்விளிம்புக்குச் சற்று முன்னால் ஒரு கம்பி கட்டினால் பெருமளவு அதே பலன் கிடைத்தது. நாம் ஒட்டும் நூலும் டேப்பும் அந்தக் கம்பியின் வாரிசுகள்தான்.

இந்த எல்லையில் பறக்கும் இறக்கைக்கு இன்னொரு குணம் உண்டு. ஓட்டம் ஒருமுறை விலகிவிட்டால், இறக்கை காற்றைச் சந்திக்கும் கோணத்தைப் பழைய இடத்துக்குக் கொண்டு வந்தாலும் உடனே ஒட்டாது. கோணம் வெகுவாகக் குறைந்த பிறகுதான் ஒட்டும். வீச்சு அடங்கிய பின்னும் உங்கள் மாடல் குலுங்கிக்கொண்டே உயரம் இழப்பது இதனால்தான் என்று நினைக்கிறேன். ஆகவே உங்களுக்கு டர்புலேட்டர் வேண்டும். மெருகேற்றியது வீண் இல்லை, முன்விளிம்பு ஒழுங்கான வடிவில் இருப்பது அவசியம். ஆனால் வழவழப்பாக இருந்தால் இழுவை குறையும் என்ற பெரிய விமானத்து நியாயம் 50,000-இல் செல்லாது.

அடுத்து தடிமன். பலரும் கோட்டை விடுவது இதில்தான். செல்லோ டேப் ஒரு சுற்று 0.05 மி.மீ. இருக்கும், இந்த வேகத்தில் காற்று அதைக் கவனிக்கக்கூடச் செய்யாது. உங்களுக்குக் குறைந்தது அரை மில்லிமீட்டர் வேண்டும். எலக்ட்ரீஷியன் கடை இன்சுலேஷன் டேப் ஒரு அடுக்கு சுமார் 0.13 மி.மீ., நான்கு அடுக்கு போட்டால் கணக்குச் சரி. ஒரு கண்ணாடித் தகட்டின் மேல் நான்கு அடுக்காக ஒட்டி, உரித்தெடுத்து, துணி சாம்பிள் வெட்டும் ஜிக்ஜாக் கத்தரியால் இரண்டு ஓரமும் வெட்டுங்கள். திருப்பூர் பக்கம் அந்தக் கத்தரிக்குப் பஞ்சமே இல்லை. 6 மி.மீ. அகலப் பட்டை போதும். நூலை விட ஜிக்ஜாக் எனக்குப் பிடிக்கும், குறைந்த தடிமனிலேயே ஓட்டத்தைக் கலைத்துவிடும்.

இடம்: மேற்பரப்பில் மட்டும், முன்விளிம்பிலிருந்து அகலத்தில் 5 முதல் 10 சதவீதத்துக்குள். இறக்கையின் நடுவில் முன்விளிம்பிலிருந்து 1 செ.மீ. தள்ளி ஆரம்பித்து, நுனியை நோக்கி அதே விகிதத்தில் நெருக்கிக்கொண்டு போங்கள். நுனியை விட்டுவிடாதீர்கள். வட்டமடிக்கும்போது உள்பக்க நுனி ஐந்தாறு சதவீதம் மெதுவாகப் போகிறது, முதலில் ஸ்டால் ஆவது அதுதான்.

ஒட்டியதும் இறக்கையின் தூக்கு விசை மாறும், அதனால் டெயில் கோணத்தை மறுபடி பார்த்தாக வேண்டும். பழைய டிரிம்மிலேயே விட்டுப் பார்த்து, பயனில்லை என்று டேப்பைக் கிழித்தெறிந்தவர்கள் நிறைய. சோதனையை ஒரே காலையில் செய்யுங்கள். டேப் இல்லாமல், டேப்போடு, மறுபடி இல்லாமல் என்று மாற்றி மாற்றி, ஒவ்வொன்றுக்கும் அதற்குரிய டிரிம்மில் விடுங்கள். நேற்றைய நேரத்தை இன்றைய நேரத்தோடு ஒப்பிட்டால் நீங்கள் அளப்பது காற்றைத்தான், இறக்கையை இல்லை. கயிற்றிலிருந்து விசிறி எறியாமல் மெதுவாக விடுங்கள், அப்போதுதான் உயரம் எல்லா முறையும் ஒன்றாக இருக்கும்.

சுழற்றி_எறி எழுதியது:

வாத்தியார் சொன்னது எஃப்1ஏ-க்கு முழுக்கச் சரி. நான் எஃப்3கே (இறக்கை நுனியைப் பிடித்துச் சுழன்று எறியும் ரேடியோ கிளைடர்) ஆள். இந்த இழையைப் படித்துவிட்டு யாராவது டி.எல்.ஜி. (அப்படிச் சுழற்றி எறியும் கிளைடர்) இறக்கையில் நான்கு அடுக்கு டேப் ஒட்டிவிடக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன்.

எங்கள் ஒன்றரை மீட்டர் மாடல் மிதக்கும்போது நொடிக்கு 6 மீட்டர் போகிறது, கையை விட்டுக் கிளம்பும்போது 30 மீட்டர் பக்கம். இழுவை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும் என்பதால், மிதக்கையில் உதவும் டேப் எறியும்போது 25 மடங்கு விலை கேட்கிறது. அந்த வேகத்தில் ரெனால்ட்ஸ் எண் மூன்று லட்சத்தைத் தொடும், உதவியே தேவையில்லை. எறிந்த உயரத்தில் ஐந்து மீட்டர் போனால் அதை மிதந்து மீட்க முடியாது. அதனால்தான் விமானவியல் நிபுணர் மார்க் ட்ரெலாவின் ஏஜி வகை வெட்டுமுகங்கள் மெல்லியதாக, குமிழி தானாகவே அடங்கும்படி வடிவமைக்கப்பட்டிருக்கின்றன. எஃப்1ஏ-யிலும் விசிறி எறிந்து உயரம் பிடிக்கும் எல்.டி.ஏ. (இழுவை குறைந்த வெட்டுமுகம்) இறக்கைகள் மெல்லியதாகப் போனதற்கு இதே கணக்குதான் பின்னணி.

கொங்கு_மிதவை எழுதியது:

மிக்க நன்றி வாத்தியாரே, நன்றி சுழற்றி அண்ணா. பட்டை வெட்டிவிட்டேன், தைப் பனி விலகும் நேரத்தில் பார்க்கப் போகிறேன். ஒரு சந்தேகம்: பெரிய விமானங்களின் இறக்கையில் வரிசையாகச் சின்னச் சின்னத் தகடு நிற்கிறதே, வோர்டெக்ஸ் ஜெனரேட்டர், அது இன்னும் நல்லதா? டெயிலிலும் டேப் ஒட்ட வேண்டுமா?

பால்சா_வாத்தியார் எழுதியது:

வேண்டாம் தம்பி. அந்தத் தகடுகள் ஏற்கெனவே கொந்தளிப்பாக ஓடும் படலத்துக்கு மேலிருந்து வேகமான காற்றை இழுத்துக் கலப்பவை. மூக்கை நிறையத் தூக்கிய கோணத்திலும் கட்டுப்பாடு போகாமல் இருக்க அவை உதவும், அதற்கு இழுவையில் நன்றாகவே விலை கொடுக்க வேண்டும். உங்களுக்குத் தேவை சீரோட்டத்தைக் கலைப்பது மட்டும், அதற்குப் பட்டையே போதும். பின்விளிம்பில் கர்னி ஃபிளாப் ஒட்டலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். 1971-இல் டான் கர்னி பந்தயக் காருக்குப் போட்ட அந்தச் சின்ன விளிம்பு தூக்கு விசையைக் கூட்டும், மறுக்கவில்லை. ஆனால் உங்கள் வெட்டுமுகத்தில் வளைவு ஏற்கெனவே தாராளமாக இருக்கிறது.

டெயில் மெல்லிய தகடு போல இருந்தால் தொடாதீர்கள்.

பட்டையைப் பிரிக்கும்போது மட்டும் நிதானம் வேண்டும். டோப் பூசிய டிஷ்யூவை இன்சுலேஷன் டேப்பின் பசை பிடித்துக்கொள்ளும், இழுத்தால் டிஷ்யூ பால்சாவை விட்டு உரிந்து வரும். ஹேர் டிரையரில் லேசாகச் சூடு காட்டி, நுனியிலிருந்து நடுவை நோக்கி, பரப்போடு படுத்தவாறு மடித்து உரியுங்கள்.