உள்பக்கம் வளைந்த அலாய் ரிம்: பெண்டு எடுத்த அனுபவம்

ரிம் வளைந்தால் பார்த்த உடனே தெரிந்துவிடும் என்று நம்பாதீர்கள். தண்ணீர் தேங்கிய பள்ளத்தில் என் காரின் முன் இடது சக்கரம் 'டம்' என்று விழுந்தது. இறங்கிப் பார்த்தால் ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் மணிக்கு 80 கிலோமீட்டரைத் தாண்டினாலே ஸ்டீயரிங் நடுங்கியது. வேகம் குறைந்தால் நின்றுவிடும். அப்புறம் அந்த டயரில் மட்டும் காற்று கொஞ்சம் கொஞ்சமாக இறங்க ஆரம்பித்தது.

டயர் கடையில் பஞ்சர் தேடினார்கள், கிடைக்கவில்லை. பேலன்சிங் பண்ணி எடையை ஒட்டி அனுப்பினார்கள். நடுக்கம் போகவில்லை, போகவும் போகாது. பேலன்சிங் என்பது சக்கரத்தைச் சுற்றி எடை சமமாக இருக்கிறதா என்ற விஷயம். வட்டமே கெட்ட சக்கரத்தில் எத்தனை எடை ஒட்டினாலும் ஒவ்வொரு சுற்றிலும் அது ஒருமுறை எகிறித்தான் விழும். இதைச் சொன்னதற்கு, "ரோடு அப்படி சார்" என்றார் கடைக்காரர். சரி என்று வந்துவிட்டேன்.

ரிம் வேலை மட்டும் பார்க்கும் ஒரு பட்டறையில்தான் விஷயம் புரிந்தது. காரைத் தூக்கி, சக்கரத்தைக் கையால் சுழற்றி, உள்பக்கத்திலிருந்து பார்த்தார் அங்கிருந்த பெரியவர். விளிம்பு ஓரிடத்தில் அமுங்கியிருந்தது. வெளிப்பக்க விளிம்புக்கு ஸ்போக்குகள் பக்கத்திலேயே முட்டுக்கொடுக்கின்றன. உள்விளிம்புக்கு அந்த ஆதரவு இல்லை, அதனால் முதலில் வளைவது அதுதான் என்றார். சோப்புத் தண்ணீர் தெளித்தால் அதே இடத்தில் நுரை கிளம்பியது. டயரைக் கழற்றி, டயல் கேஜ் என்ற நுண்ணளவுக் கருவியை வைத்து ஆட்டத்தை (சுழலும்போது ரிம் எவ்வளவு விலகுகிறது என்பதை) அளந்த பிறகுதான், அழுத்தி நிமிர்த்தும் பிரஸ்ஸில் ஏற்றினார்.

எனக்குப் பயமாக இருந்தது சூடு காட்டும் கட்டம். பெரும்பாலான அலாய் ரிம், வார்த்த பிறகு சூடுபடுத்திப் பதப்படுத்திய அலுமினியம். அளவுக்கு மீறிச் சூடேறினால் அந்தப் பதம் போய் உலோகம் மெத்தென்று ஆகிவிடும். இரும்பு பழுக்கக் காய்ந்தால் நிறத்தை வைத்தே சொல்லிவிடலாம். சுத்த அலுமினியம் 660 டிகிரி செல்சியஸில் உருகும், ரிம்மில் இருக்கும் கலவை அதற்கும் குறைந்த சூட்டிலேயே. உருகுவதற்கு முன்னால் நிறத்தில் எதையும் காட்டிக்கொடுக்காது. ஆகவே கண்ணளவில் நெருப்புக் காட்டுபவரிடம் ரிம்மைக் கொடுக்க எனக்கு மனம் வராது. இவர் குறிப்பிட்ட சூட்டில் உருகும் அடையாளக் குச்சியால் கோடு போட்டு, கோடு உருகியதும் நெருப்பை எடுத்தார். பிறகு நிதானமாக அழுத்தம், அளவு, மறுபடி அழுத்தம். சுத்தியலைத் தொடவே இல்லை. ஆட்டம் ஒரு மில்லிமீட்டருக்குள் வந்ததும் நிறுத்தினார். இப்போது நடுக்கமும் இல்லை, காற்றும் இறங்கவில்லை.

மறுமொழி: என்னுடையது இரும்பு ரிம். சூடே காட்டாமல் தட்டி நிமிர்த்தினார்கள், நன்றாகத்தான் ஓடுகிறது. ஆனால் அதே அடியில் டயரின் பக்கச்சுவர் புடைத்திருந்தது. உள்ளே இழை அறுந்தால்தான் அப்படிப் புடைக்கும். அதற்கு ஒட்டு வேலை எல்லாம் கிடையாது, டயரையே மாற்ற வேண்டியதாயிற்று. ரிம்மைப் பார்க்கும்போது டயரையும் சுற்றிப் பாருங்கள் அண்ணா.

மறுமொழி: எனக்கு நேர் எதிர் அனுபவம். வளைவோடு மயிரிழை போல விரிசலும் இருந்தது. ஆர்கான் வெல்டிங் வைத்துக் கொடுத்தார்கள். கொஞ்ச நாளில் வெல்டிங்குக்குப் பக்கத்திலேயே புதிதாக விரிசல் விட்டது. கடைசியில் வேறு ரிம்தான் வாங்கினேன். உங்கள் பட்டறையில் விரிசல் பார்த்தார்களா?

பதிவிட்டவர்: பார்த்தார்கள். பெயின்ட்டைச் சுரண்டி, சிவப்புச் சாயம் தடவித் துடைத்து, மேலே வெள்ளைப் பொடி தெளித்தார்கள். விரிசல் இருந்தால் உள்ளே இறங்கிய சாயம் கோடாக மேலே வருமாம். நிமிர்த்துவதற்கு முன்னும் பின்னும் இரண்டு தடவையும் செய்தார்கள், ஏனென்றால் நிமிர்த்தும்போதே விரிசல் விடலாம். ஸ்போக்கிலோ நட்டுத் துளைகளைச் சுற்றியோ விரிசல் இருந்தால் வேலையே எடுக்க மாட்டேன் என்று பெரியவர் முதலிலேயே சொல்லிவிட்டார். அது எனக்குப் பிடித்தது.

இன்னொன்று, ரிம்மை மாட்டியதும் அலைன்மென்ட் (சக்கரங்களின் கோணம்) பார்த்தேன்; சக்கரத்தை ஸ்டீயரிங்கோடு இணைக்கும் டை ராடு, காரின் அடிச்சட்டத்தோடு இணைக்கும் லோயர் ஆர்ம் இரண்டையும் சோதிக்கச் சொன்னேன். ரிம்மை வளைத்த அடி அங்கேயும் இறங்கியிருக்கும் அல்லவா? நல்லவேளை, ஒன்றும் ஆகவில்லை. 100 கிலோமீட்டர் ஓட்டியதும் நட்டுகளை, குறிப்பிட்ட அளவுக்கு முறுக்க உதவும் டார்க் ரெஞ்ச் வைத்து மறுபடி பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள்.