வெள்ளவத்தை பிளாட்டில் சின்னக் குசினி: சிங்க்கை இடம் மாற்றலாமா?

வெள்ளவத்தை மாடிவீடு:
எங்கள் குசினி 9 அடி நீளம், 6 அடி அகலம். சிங்க் வாசல் பக்கம், கழிவுக் குழாய் இறங்குகிற மூலையில் இருக்கிறது. யன்னல் எதிர்ப்பக்கம், கடலைப் பார்த்த 6 அடிச் சுவரில். பழைய பான்ட்ரி கபேட் தண்ணீரில் ஊறி உப்பிவிட்டது, எல்லாவற்றையும் கழற்றிப் புதிதாகப் போடப்போகிறோம். சிங்க்கை யன்னலுக்குக் கீழே கொண்டுபோகலாமா, இருந்த இடத்திலேயே விடலாமா என்று வீட்டில் இழுபறி. அம்மாதான் அங்கே அதிக நேரம் நிற்பவர்.

தெஹிவளைப் பெண்:
யன்னலுக்குக் கீழேதான். மீன் கழுவினால் வாடை வெளியே போகும், பாத்திரத்தில் ஒட்டிய எண்ணெய் பகல் வெளிச்சத்தில் தெரியும், ஈரம் சீக்கிரம் காயும். அடுப்பை அங்கே வைக்கவே முடியாது, கடற்காற்று தீயை அணைத்துவிடும். அப்புறம் அந்த இடம் வேறு எதற்கு?

கொட்டாஞ்சேனைக்காரன்:
தங்கச்சி, அடுப்பு விஷயம் சரி. மற்றதை ஒத்துக்கொள்ள மாட்டேன். யன்னலிலிருந்து குழாய் மூலைக்குப் போக 10 அடியாவது வரும், நடுவில் ஒரு வளைவும் இருக்கும். அடிக்கு கால் அங்குலம் சரிவு வேண்டும், அதாவது 2.5 அங்குலம் இறங்க வேண்டும். எங்கள் வீடுகளில் சோற்றுக் கஞ்சியும் தேங்காய்ப்பூவும் கறி எண்ணெயும் சிங்க்கில்தான் போகிறது, அதெல்லாம் அந்த வளைவில் போய்ப் படியும். தரையை உடைத்துக் குழாய் பதித்துப் பிறகு அது கசிந்தால் கீழ்வீட்டுக்காரருடன் சண்டைதான்.

தெஹிவளைப் பெண்:
தரையை உடைக்க யார் சொன்னது? குழாயைச் சுவரோடு, கீழ்க் கபேட்டுகளுக்குப் பின்னால் கொண்டுபோகலாம் அண்ணா. கபேட் ஆழம் 24 அங்குலம், குழாய்க்கு 4 அங்குலம் விட்டாலும் மிச்சம் 20 இருக்கிறது, பெரிய சட்டியே உள்ளே போகும். வளைவில் திறந்து துப்புரவாக்கக்கூடிய மூடி ஒன்று வைத்தால் அடைப்பும் பிரச்சினையில்லை. ஒரு குழாய்க்குப் பயந்து அம்மாவை இருட்டு மூலையில் நிறுத்துவதா?

கொட்டாஞ்சேனைக்காரன்:
அந்த மூடியைத் திறக்க ஒவ்வொரு முறையும் கபேட்டைக் காலியாக்க வேண்டும், அதையும் யோசியுங்கள். அம்மா உண்மையில் எங்கே அதிக நேரம் நிற்கிறார் என்று ஒரு நாள் பாருங்கள். பாத்திரம் கழுவுவதிலா? கீரை ஆய, வெங்காயம் வெட்ட, தேங்காய் துருவத்தான் நேரம் போகும். வெளிச்சமும் காற்றும் அந்த வேலைக்குத்தான் வேண்டும். நீளச் சுவரில் சிங்க் 2 அடி, அடுத்து 3 அடி வெறும் மேடை, அடுப்பு 2 அடி, மூலைக்கு 2 அடி, மொத்தம் 9. யன்னல் சுவர் முழுக்க வேலை மேடையாகிவிடும். சிங்க்குக்கும் அடுப்புக்கும் நடுவே அந்த 3 அடி இருந்தால் அரிசி கழுவிய பானையை வைக்கவும் இடம், தண்ணீர் எண்ணெய்ச் சட்டியில் தெறிக்கவும் வழியில்லை.

பம்பலப்பிட்டி அக்கா:
இரண்டு பேரும் காஸ் சிலிண்டரை மறந்துவிட்டீர்கள். 2021 கடைசியில் நாடு முழுக்க நடந்த காஸ் வெடிப்புகளுக்குப் பிறகும் அழகுக்காகக் கபேட்டுக்குள் பூட்டி வைக்கிறார்கள், எனக்குப் பார்க்கவே பதறுகிறது. சமையல் காஸ் காற்றைவிடக் கனமானது, கசிந்தால் கீழேதான் தேங்கும். கதவில் மேலே ஓட்டை போட்டால் போதாது, அடிப்பகுதி திறந்திருக்க வேண்டும். பல்கனியில் வெயிலும் மழையும் படாத இடம் இருந்தால் சிலிண்டரை அங்கே வைப்பதுதான் என் விருப்பம்.
சிங்க்குக்குக் கீழே எம்டிஎஃப் பலகை (மரநாரை அழுத்திச் செய்தது, தண்ணீர் பட்டால் உப்பும்) வேண்டவே வேண்டாம், அலுமினியம் போடுங்கள். கடற்கரைப் பக்கம் சாதாரணக் கீல் துருப்பிடித்துவிடும், துருப்பிடிக்காததாகக் கேட்டு வாங்குங்கள், கொழும்பில் ஹார்ட்வெயார் கடைகள் உள்ள பழைய சோனகத் தெருவில் விசாரித்துப் பாருங்கள். மேல் கபேட் 12 அங்குல ஆழம் போதும், மேடைக்கு 18 அங்குலம் மேலே தொடங்கட்டும். அதைவிடக் கீழே வந்தால் நெற்றி இடிக்கும்.

வெள்ளவத்தை மாடிவீடு:
அந்த 9 அடிக் கணக்கை அம்மாவிடம் சொன்னேன். "யன்னலடியில் தேங்காய் துருவலாம் என்றால் சிங்க் எங்கே இருந்தால் என்ன" என்கிறார். சிங்க்கை மாற்றவில்லை. சிலிண்டர் பல்கனிக்குப் போகிறது.

தெஹிவளைப் பெண்:
அம்மா சொன்னால் சரி. ஆனால் சிங்க்குக்கு மேலே கபேட் அடிக்காதீர்கள், அந்த மூலை இன்னும் இருண்டுவிடும். பாத்திரம் வடிகிற ராக்கை ஒன்றும், தலைக்கு மேலே அல்லாமல் முன்பக்கமாக ஒரு லைட்டும் போடுங்கள், இல்லையென்றால் நிழல் கையில்தான் விழும்.