மழையில் இறுகும் ஷட்டர், வெயிலில் பிளக்கும் பலகை: இரண்டும் ஒரே கோளாறா?

கேள்வி:
சமையலறை அலமாரி முழுக்கத் தேக்கு, பழைய பாணி வேலை. சட்டத்துக்குள் நடுப்பலகை வைத்து, ஓரம் சரித்து நடுவை மேடாக இழைத்த ஷட்டர்கள் (அலமாரிக் கதவுகள்). மூடினால் அலமாரியின் முகச்சட்டத்தோடு சமமாக உள்ளே அமரும். மழைக்காலத்தில் அகலமான இரண்டு ஷட்டர்கள் கைப்பிடிப் பக்கம் மேலிருந்து கீழ்வரை உரசின. வெயில் வந்ததும் உரசல் நின்றது. ஆனால் ஒன்றின் நடுப்பலகை மர ரேகையோடு நீளவாக்கில் விரிசல் விட்டுவிட்டது. கீல் திருகுகளைத் திருகிப் பார்த்தாயிற்று. என்ன செய்யலாம்?

பதில் 1:
உரசும் ஓரத்தை இழைப்புளியால் கொஞ்சம் சீவிவிடுங்கள். விரிசலில் மரத்தூளும் பசையும் குழைத்து அடைத்து பாலிஷ் போட்டால் போதும்.

பதில் 2:
சார், இப்போது இழைக்காதீர்கள். கீல் தொய்ந்திருந்தால் மேல் மூலை மட்டும்தான் உரசும். நீளம் முழுக்க உரசுகிறது என்றால் ஷட்டரே அகலமாகியிருக்கிறது. மரம் ரேகையின் நீளத்தில் மாறுவதில்லை என்றே சொல்லலாம், குறுக்கே மாறும். 40 செ.மீ. அகலப் பலகை ஈரத்துக்கும் காய்ச்சலுக்கும் இடையே 2, 3 மி.மீ. கூடிக் குறையும். அதனால்தான் நடுப்பலகையைக் காடியில், அதாவது சட்டத்தின் உள்ளோரத்தில் வெட்டிய பள்ளத்தில், ஒட்டாமல் சும்மா நிறுத்துவது வழக்கம். ஒட்டிவிட்டால் மழையில் உப்பிச் சட்டத்தைத் தள்ளும், வெயிலில் சுருங்க இடமில்லாமல் பிளக்கும். உங்களுக்கு நடந்தது அதுதான் போலிருக்கிறது. பலகையைப் பக்கவாட்டில் அழுத்திப் பாருங்கள். அசையாவிட்டால் பலகையும் சட்டமும் சேரும் கோட்டில் மெல்லிய பிளேடால் பாலிஷைக் கீறிவிட்டு மறுபடி பாருங்கள். சில நேரம் பாலிஷே பிடித்துக்கொண்டிருக்கும்.

கேட்டவர்:
கீறியும் அசையவில்லை. உள்பக்கம் காடி நெடுக பசை பிதுங்கிக் காய்ந்திருக்கிறது.

பதில் 2:
அப்படியென்றால் அடைத்துப் பயனில்லை, அடுத்த பருவத்தில் பக்கத்திலேயே பிளக்கும். சட்டத்தைப் பிரிக்க வேண்டாம். பின்பக்கம் காடியின் உதட்டை (பலகையைப் பின்னால் பிடிக்கும் விளிம்பை) ரௌட்டரால் (மரம் குடையும் மெஷினால்) எடுத்துவிட்டுப் பலகையைக் கழற்றுங்கள். புதுப் பலகை பக்கத்துக்கு 3 மி.மீ. சிறியதாக இருக்கட்டும். மாட்டும் முன்பே முன்னும் பின்னும் ஓரத்திலும் பாலிஷ் போடுங்கள். பிறகு போட்டால் சுருங்கும்போது வெறும் மரம் கோடாகத் தெரியும். எடுத்த உதட்டுக்குப் பதிலாகப் பின்னால் ரீப்பர் (மெல்லிய மரச்சட்டம்) அடிக்கும்போது ஆணி சட்டத்தில் இறங்க வேண்டும், பலகையில் அல்ல. இன்னொரு ஷட்டரும் அதே கை வேலைதானே? விரிசல் வரும்வரை காத்திருக்காமல் சேர்த்தே செய்துவிடுங்கள்.

கேட்டவர்:
மேடு இல்லாத தட்டைப் பலகை போட்டால்?

பதில் 2:
வெனீர் (மெல்லிய மரத்தாள்) ஒட்டிய 6 மி.மீ. பிளைவுட் போடலாம். அது அவ்வளவாக அசையாது, தாராளமாக ஒட்டலாம். மற்ற ஷட்டர்கள் நடுவே இவை இரண்டும் தனியாகத் தெரியும், அவ்வளவுதான்.