எட்டுப் பாட்டையும் இலவசமாகவே விட்டுவிடலாமா?

மர்ஃபிடவுன்_மைக்

வணக்கம் மக்களே. பெங்களூரில் தமிழில் ராக் பாடுகிற சின்ன பேண்ட் நாங்கள். அல்சூர், மர்ஃபி டவுன், காக்ஸ் டவுன் பக்கத்துப் பையன்கள் நாலு பேர், பகலில் எல்லாருக்கும் வேறு வேலை. எட்டுப் பாட்டு ரெக்கார்டிங், மிக்ஸிங் முடிந்து மாஸ்டரிங்கும் (கடைசி ஒலிச் சீரமைப்பு) கைக்கு வந்துவிட்டது. எப்படி வெளியிடுவது என்பதில்தான் இப்போது சண்டை.

முழு ஆல்பத்தையும் இலவசமாகப் போட்டுவிடலாம், யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளட்டும் என்பது என் கட்சி. முன்பு ஒரு பாட்டை ஸ்ட்ரீமிங்கில் விட்டுப் பார்த்தாயிற்று. அதை ஏற்றிவிடுகிற கம்பெனிக்கு வருடச் சந்தா கட்டியதுதான் மிச்சம், வந்த காசில் நாலு பேர் நின்றபடி காபி குடிக்கலாம், அதுவும் வடை இல்லாமல். இந்திராநகர் பக்கம் பப்பில் வாய்ப்புக் கேட்டால் "தமிழ்ல ஒண்ணு ரெண்டு போதும், மத்தது இங்கிலீஷ் கவர் வாசிங்க" என்கிறார்கள், கவர் என்றால் அடுத்தவர் பாட்டை வாசிப்பது. எங்கள் பாட்டைக் கூடவே பாடுகிற முப்பது பேர் முன்னால் நின்றால் அந்தப் பேச்சு மாறும், அதற்கு முதலில் பாட்டு அவர்கள் போனில் இருக்க வேண்டும் இல்லையா.

பேஸ் கிட்டார் வாசிக்கிறவன் பிடிவாதமாக மறுக்கிறான். "சும்மா குடுத்தா சும்மாதான் மதிப்பாங்க, ஒத்திகை பார்க்கிற ஜாம் ரூம் வாடகையை யார் குடுத்தது?" என்கிறான். அவன் கேட்பதிலும் நியாயம் இருக்கிறது, அதனால்தான் இங்கே கேட்கிறேன். இலவசமாகக் கொடுத்தவர்களுக்கு உண்மையில் என்ன ஆயிற்று? எங்கே ஏற்றுவது? விருப்பப்பட்டவர் காசு கொடுக்க வழி வைக்க முடியுமா? இன்னொன்று, எட்டில் ஒன்று பழைய சினிமாப் பாட்டு, எங்கள் பாணியில் வாசித்தது. அதனால் வம்பு வருமா?

இரைச்சல்

எல்லாரும் முதலில் சொல்வது பிரிட்டிஷ் ராக் பேண்ட் ரேடியோஹெட் கதைதான், ஆனால் பாதிக் கதையைத்தான் சொல்வார்கள். 2007 அக்டோபர் 10ஆம் தேதி "இன் ரெயின்போஸ்" ஆல்பத்தைத் தங்கள் தளத்தில் விட்டார்கள், விலையை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள், பூஜ்யம் போட்டாலும் சரி என்று. கொடுத்தது 160 கேபிபிஎஸ் எம்பி3 (வினாடிக்கு எவ்வளவு தரவு என்கிற கணக்கு, கூடினால் தரம் கூடும்). அதே சமயம் 40 பவுண்டுக்கு ஒரு டிஸ்க்பாக்ஸும் விற்றார்கள், இசைத்தட்டு, சிடி, படங்கள் எல்லாம் சேர்த்து. டிசம்பரில் டவுன்லோடை மூடிவிட்டு சிடியைக் கடைக்கு அனுப்பினார்கள். ஊர் முழுக்க ஏற்கெனவே இறக்கிவிட்ட ஆல்பம், அப்படியும் 2008 ஜனவரியில் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் பட்டியலில் முதலிடம். ஒன்று மறக்கக் கூடாது, அதற்கு முன்பு பல வருடம் ஒரு பெரிய கம்பெனி தன் காசில் அவர்களை உலகம் முழுக்கக் கொண்டுபோய்ச் சேர்த்திருந்தது. உங்களுக்கும் எனக்கும் அந்த முன்கதை இல்லை.

உங்களுக்குப் பொருந்துவது அமெரிக்க பேண்ட் நைன் இன்ச் நெயில்ஸ் என்பேன். 2008 மே மாதம் அவர்களுடைய "தி ஸ்லிப்" ஆல்பம் முழுசாக இலவசம். ஆனால் இறக்க வேண்டுமானால் ஈமெயில் முகவரி கொடுக்க வேண்டும். எம்பி3 மட்டும் இல்லை, ஃபிளாக், வேவ் என்று நல்ல தரத்திலும் வைத்தார்கள். எல்லாருக்கும் முன்கூட்டியே பொது அனுமதி தருகிற கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் விட்டதால் ரசிகர்கள் ரீமிக்ஸ் பண்ணவும் தடை இல்லை. காசு வாங்கவில்லை, ஆனால் யார் கேட்கிறார்கள், அடுத்த ஷோவுக்கு யாரைக் கூப்பிட வேண்டும் என்கிற பட்டியல் கைக்கு வந்துவிட்டது. நீங்கள் கேட்கிற முப்பது பேர் அந்தப் பட்டியலில் இருந்துதான் வருவார்கள்.

நம் நாட்டு உதாரணம் வேண்டுமானால் டெல்லியின் இந்தியன் ஓஷன் பேண்ட். 2010இல் "16/330 கஜூர் ரோடு" ஆல்பத்தை மாதம் ஒரு பாட்டாக இலவச டவுன்லோடாகத் தந்தார்கள். கரோல் பாக்கில் அவர்கள் வருடக்கணக்கில் ஒத்திகை பார்த்த வீட்டின் முகவரிதான் அந்தப் பெயர். தபலாவும் குரலுமாக இருந்த அசீம் சக்ரவர்த்தி 2009 டிசம்பரில் இறந்துவிட்டார், அவர் பாடி வைத்த பதிவுகள் அதில் இருக்கின்றன. மாதம் ஒன்றாக விட்டதை நீங்கள் அப்படியே எடுத்துக்கொள்ளலாம். எட்டையும் ஒரே நாளில் கொட்டினால் அந்த வார இறுதியோடு பேச்சு முடிந்துவிடும். எட்டு மாதம் இழுத்தால் எட்டுத் தடவை ஆட்களிடம் போய் நிற்க ஒரு சாக்கு இருக்கிறது.

ஐரிஷ் ராக் பேண்ட் யு2 பண்ணியதைப் பண்ணாதீர்கள், அவ்வளவுதான். 2014இல் ஆப்பிளின் பாட்டுக் கடையான ஐடியூன்ஸில் சுமார் 50 கோடி கணக்குகளில் கேட்காமலே ஆல்பத்தைத் திணித்தார்கள், அதை நீக்குவதற்கென்றே ஆப்பிள் தனிப்பக்கம் திறக்க வேண்டி வந்தது. வாட்ஸ்ஆப் குரூப் குரூப்பாக ஃபைலைத் தள்ளுவதும் அதே வேலைதான்.

கணக்குப்பிள்ளை

ஸ்ட்ரீமிங் காசைப் பற்றி ரொம்ப யோசிக்காதீர்கள். ஸ்பாடிஃபையில் 2024 முதல், ஒரு பாட்டு முந்தைய 12 மாதத்தில் 1,000 தடவையாவது ஓடியிருக்காவிட்டால் அந்தப் பதிவுக்கு ராயல்டியே கிடையாது. அதற்காக அங்கே போடாமலும் இருக்காதீர்கள், பெயரைக் கேட்டவன் முதலில் தேடுவது அங்கேதான்.

பேண்ட்கேம்ப் பற்றி யாராவது சொல்வதற்குள் நானே சொல்லிவிடுகிறேன். பேண்ட்கள் ரசிகர்களுக்கு நேரடியாகப் பாட்டு விற்கிற நல்ல தளம், பாட்டைக் கேட்பவரே விலையைப் போட்டுக்கொள்கிற வசதி உண்டு, டிஜிட்டல் விற்பனையில் 15 சதவீதம் எடுத்துக்கொள்வார்கள். இலவச டவுன்லோடுக்கு மாதம் 200 என்று கணக்கு உண்டு, அதற்கு மேல் போனால் நாம்தான் காசு கட்ட வேண்டும். நமக்கு இடிக்கிற இடம் வேறு. அவர்கள் நமக்குப் பணம் அனுப்புவது பேபால் என்கிற இணையப் பணப் பரிமாற்றச் சேவை வழியாக, அந்தப் பேபாலோ 2021 ஏப்ரல் 1 முதல் இந்தியாவுக்குள் நடக்கிற பரிவர்த்தனையையே நிறுத்திவிட்டது. டொராண்டோவில் இருக்கிற தமிழர் உங்களுக்கு 5 டாலர் கொடுக்கலாம், இங்கே டொம்லூரில் இருக்கிறவர் கொடுக்க முடியாது. அதுவும் ஆசையாகக் காசு கொடுக்க வந்தவன் கார்டு நம்பர் எல்லாம் போட்டு முடித்த பிறகுதான் அது தெரியவரும், அத்தோடு ஆளும் போய்விடுவான்.

அதனால் உங்கள் பக்கத்திலேயே டவுன்லோடு பொத்தானுக்குக் கீழே யுபிஐ க்யூஆர் படத்தை வையுங்கள். தொகை போடாதீர்கள், "ஜாம் ரூம் வாடகைக்கு" என்று மட்டும் எழுதுங்கள். உங்கள் பேஸ்காரர் கேட்ட கேள்விக்குப் பதில் சொன்ன மாதிரியும் ஆகும். ஷோவில் டீஷர்ட் மேஜையிலும் அதே க்யூஆர், பக்கத்தில் ஆல்பத்துக்கு இன்னொரு க்யூஆர். இரண்டுக்கும் வேறு வேறு நிறம் கொடுங்கள், இருட்டில் எது எது என்று தெரியாமல் ஆட்கள் தடுமாறுகிறார்கள்.

டிரம்ஸ்டிக்_சாம்பார்

நான் பேஸ்காரர் கட்சி. பெரிய பேண்ட் இலவசமாகக் கொடுத்தால் அது செய்தி. சின்ன பேண்ட் கொடுத்தால் அது வெறும் வழக்கம். இந்த ஊரில் ஏற்கெனவே பப்காரர்கள் "எக்ஸ்போஷர்" என்று சொல்லி சாப்பாட்டுக் கூப்பனோடு அனுப்புகிறார்கள், போன மாதம் ஒரு இடத்தில் டிரம் கிட்டையும் நானே ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போய் வாசித்துவிட்டு வந்தேன். ஆட்டோக்காரர் மட்டும் மீட்டருக்கு மேல் வாங்கினார், அவரிடம் எக்ஸ்போஷர் செல்லவில்லை. ரெக்கார்டிங்கும் இலவசம் என்று ஆகிவிட்டால் நாளைக்கு எவனும் எதற்கும் காசு கேட்க முடியாது. குறைந்தபட்சம் 50 ரூபாய் வையுங்கள், காசு கொடுத்து வாங்கியதை ஆட்கள் இரண்டாம் தடவையும் கேட்பார்கள்.

பழைய_கேசட்

தம்பி சாம்பார், கோபம் நியாயம்தான், ஆனால் பப்காரன் மேல் இருக்கிற கோபத்தை ரசிகன் மேல் காட்டுகிறீர்கள். ஷோவுக்குக் காசு வாங்காமல் வாசிப்பது வேறு, ஏற்கெனவே பதிவான பாட்டின் பிரதியைக் கொடுப்பது வேறு. முதலாவதில் உங்கள் உழைப்பு ஒவ்வொரு தடவையும் செலவாகிறது. இரண்டாவதில் ஆயிரமாவது ஆள் இறக்கினாலும் உங்களுக்கு ஒரு பைசா கூடுதல் செலவு கிடையாது. ஷோவுக்குக் கறாராகக் காசு கேளுங்கள், பாட்டை விட்டுக்கொடுங்கள்.

2000இல், பாட்டு ஃபைல்களை இலவசமாகப் பரிமாறிக்கொள்ள வழி செய்த நாப்ஸ்டர் மேல் வழக்குப் போட்டது அமெரிக்க மெட்டல் பேண்ட் மெட்டாலிகா. அதே மெட்டாலிகா 2011 அக்டோபரில் நம் பேலஸ் கிரவுண்டில் வாசித்தபோது நானும் போயிருந்தேன், சேறும் சகதியும். கூட்டம் மொத்தமும் வரிக்கு வரி பாடியது. அதில் எத்தனை பேர் அந்தப் பாட்டுகளை ஒரிஜினல் சிடி வாங்கிக் கேட்டிருப்பார்கள் என்று நினைக்கிறீர்கள்? நாங்கள் எல்லாம் மெஜஸ்டிக் பக்கம் விற்ற எம்பி3 சிடியிலும், அண்ணன்மார் பதிந்து கொடுத்த கேசட்டிலும் கற்றுக்கொண்ட ஆட்கள். அன்றைக்கு டிக்கெட்டுக்குக் கொடுத்தது எங்கள் முதல் சம்பளக் காலத்துக் காசு. கிரேட்ஃபுல் டெட் பேண்ட் தங்கள் ஷோக்களில் டேப் பண்ண வருகிறவர்களுக்கென்றே தனி இடம் ஒதுக்கிய கதை 1980களிலேயே நடந்தது, பேண்டுக்கு டிக்கெட் வருமானம் குறைந்ததாக யாரும் சொல்லவில்லை.

சிவாஜிநகர்_கோர்ட்

சினிமாப் பாட்டு விஷயத்தை யாரும் தொடவில்லை, அதுதான் உங்களுக்கு உண்மையான ஆபத்து. இலவசமாகக் கொடுத்தால் பிரச்சினை இல்லை என்று நினைப்பவர்கள் நிறைய. காசு வாங்கினாலும் வாங்காவிட்டாலும் பாட்டின் வரிகளும் மெட்டும் வேறொருவர் சொத்து. பதிப்புரிமைச் சட்டத்தில் 31சி என்று ஒரு பிரிவு இருக்கிறது, 2012 திருத்தத்தில் வந்தது. மூலப் பாட்டு முதலில் பதிவான வருடம் முடிந்து ஐந்து வருடம் கழிந்திருந்தால், முன்கூட்டியே அறிவிப்பும் ராயல்டியும் கொடுத்து கவர் பண்ணலாம். படிக்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் வருடத்துக்குக் குறைந்தது 50,000 பிரதிகளுக்கான ராயல்டி கட்ட வேண்டும், தொழில்நுட்பத் தேவைக்கு மேல் பாட்டில் மாற்றமும் செய்யக் கூடாது. நீங்கள் "எங்கள் பாணியில்" என்கிறீர்கள், டிஸ்டார்ஷன் போட்டு நடையையும் மாற்றியிருப்பீர்கள். அந்தப் பாட்டை ஆல்பத்திலிருந்து எடுத்துவிடுங்கள், மேடைக்கு வைத்துக்கொள்ளுங்கள். மீதி ஏழும் உங்கள் சொந்தச் சரக்கு என்றால் போதும்.

சொந்தம் என்றால் யாருடைய சொந்தம் என்பதையும் இப்போதே எழுதி வையுங்கள். வரிகள் ஒரு உரிமை, மெட்டு ஒரு உரிமை, ஒலிப்பதிவு இன்னொரு உரிமை. பேண்டை விட்டுப் போன யாராவது இதில் வாசித்திருக்கிறாரா? இருந்தால் அவரிடமும் ஒரு பக்கக் கடிதம் வாங்குங்கள், சண்டை இல்லாத நேரத்தில் வாங்குவதுதான் சுலபம்.

கிரியேட்டிவ் காமன்ஸ் போடுவதானால் இரண்டு விஷயம். அந்த உரிமத்தைத் திரும்ப வாங்க முடியாது, இன்று இறக்கியவருக்கு அது நிரந்தரம். வணிகம் அல்லாத பயன்பாட்டுக்கு மட்டும் என்கிற வகையை எடுத்தால் விளம்பரக் கம்பெனி நாளைக்கு உங்களிடம் வந்துதான் ஆக வேண்டும். அப்புறம், பாட்டெழுதுகிறவர், இசையமைக்கிறவருக்கு ராயல்டி வசூலிக்கிற ஐபிஆர்எஸ் சங்கத்தில் உங்களில் யாராவது உறுப்பினரா? அங்கே சேரும்போது சில உரிமைகளைச் சங்கத்துக்கு எழுதிக் கொடுத்திருப்பீர்கள், எழுதிக் கொடுத்ததை மறுபடி இலவசமாக விட முடியாது.

ஸ்ட்ரீமிங்கில் ஏற்றும்போது யூடியூப் கன்டென்ட் ஐடி பெட்டியையும் டிக் பண்ணாதீர்கள், உங்கள் பாட்டு இருக்கிற வீடியோக்களைத் தானாகக் கண்டுபிடிக்கிற ஏற்பாடு அது. பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு, அதைப் போட்டு பைக் பயண வீடியோ பண்ணிய பையனுக்கு உரிமைக்கோரல் அனுப்பினால் நன்றாகவா இருக்கும்?

மர்ஃபிடவுன்_மைக்

நன்றி மக்களே. சினிமாப் பாட்டைத் தூக்குகிறோம், வலிக்கத்தான் செய்கிறது. பழைய கிட்டாரிஸ்ட் இரண்டு பாட்டில் வாசித்திருக்கிறான், இப்போது கனடாவில் இருக்கிறான், கடிதம் கேட்டாயிற்று. மாதம் ஒன்று, ஈமெயில் கொடுத்தால் டவுன்லோடு, கீழே யுபிஐ. எங்கே ஏற்றுவது என்பது மட்டும் பாக்கி.

பழைய_கேசட்

மாஸ்டர் பிரதியை இணைய நூலகமான ஆர்க்கைவ் டாட் ஆர்கில் ஏற்றுங்கள், காசு கிடையாது. ஃபிளாக் ஏற்றினால் எம்பி3யை அதுவே தயாரித்துக்கொள்ளும், உரிமத்தையும் அங்கேயே குறிக்கலாம். உங்கள் பக்கத்திலிருந்து அதற்கு இணைப்புக் கொடுங்கள். பாட்டின் பெயர், பேண்ட் பெயர், அட்டைப்படம் எல்லாவற்றையும் ஃபைலுக்குள்ளேயே டேக் பண்ணிவிடுங்கள். ஃபைல் கை மாறி மாறிப் போன பிறகு அது யாருடையது என்று சொல்வது அந்த டேக் மட்டும்தான். ஃபைலின் பெயரை மட்டும் ஆங்கில எழுத்தில் வையுங்கள், பழைய கார் ஸ்டீரியோ பல தமிழைக் கட்டம் கட்டமாகத்தான் காட்டும்.

நாலு_கம்பி

அந்தப் பிடிவாதக்காரன் நான்தான். இலவசத்துக்குச் சம்மதம், யுபிஐ என் கணக்குக்கு வர வேண்டும், ஜாம் ரூம் பாக்கி என்னிடம்தான் இருக்கிறது. ஆனால் 128 கேபிபிஎஸ் எல்லாம் வேண்டாம், பேஸ் சத்தமே கேட்காது.

டிரம்ஸ்டிக்_சாம்பார்

128இல் முதலில் அடிவாங்குவது டிரம்ஸின் சிம்பல் தட்டுதான் பாஸ், மேல் ஸ்தாயியைத்தான் வெட்டுவார்கள். பேஸ் பத்திரமாக இருக்கும். 320ஆகவே போடுங்கள், எங்கள் ஆட்களுக்காக.