நூறு மைல் வேகத்தில் வீசுபவரை மைனர் லீக்கில் நிறுத்தி வைப்பது ஏன்?

புதுப் பார்வையாளன்:

அனைவருக்கும் வணக்கம். நான் பேஸ்பால் பார்க்கத் தொடங்கி இரண்டு பருவங்கள்தான் ஆகின்றன. கிரிக்கெட்டில் ஊறிய எனக்கு இந்த ஆட்டத்தின் மீது பிடிப்பை உண்டாக்கியவர் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணியின் பிட்சர் (பந்து வீசுபவர்) பால் ஸ்கீன்ஸ். அவருடைய தொடக்க நாட்களைத் தேடிப் படித்தபோது ஒரு செய்தி மட்டும் எனக்கு விளங்கவில்லை. லூசியானா மாநிலப் பல்கலைக்கழக அணிக்காக 2023இல் 122 இன்னிங்ஸுக்கு மேல் வீசி 209 பேரை ஸ்ட்ரைக் அவுட் (மூன்று ஸ்ட்ரைக்கில் மட்டையாளரை வெளியேற்றுவது) செய்தவர், அதே ஆண்டு டிராஃப்டில் (அணிகள் புது வீரர்களை முறைவைத்து எடுக்கும் தேர்வில்) முதல் ஆளாகத் தேர்வானவர், மணிக்கு நூறு மைல் வேகத்தை எளிதாகத் தொடுபவர். அப்படிப்பட்டவரை 2024 தொடக்கத்தில் நேராக மேஜர் லீக்குக்கு அழைக்காமல், இண்டியானாபொலிஸில் உள்ள டிரிபிள்-ஏ (மைனர் லீக்கின் மேல்படி) அணியில் வைத்து, ஓர் ஆட்டத்துக்கு மூன்று இன்னிங்ஸ், நான்கு இன்னிங்ஸ் என்று அளந்து வீச வைத்திருக்கிறார்கள். அங்கே ஏழு ஆட்டங்களில் 27 இன்னிங்ஸ் சொச்சம் வீசி, ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரியாக 0.99 ஓட்டம் மட்டுமே கொடுத்தவர் மே 11 அன்றுதான் மேலே வந்தார்.

இது கையைக் காப்பதற்காகச் செய்ததா, பணத்துக்காகச் செய்ததா? இளம் பிட்சர் ஒருவர் தயாராகிவிட்டார் என்று எதை வைத்து முடிவு செய்கிறார்கள்? அவசரமாக மேலே அனுப்பியதால் கெட்டவர்கள் உண்மையிலேயே இருக்கிறார்களா, அல்லது அது பழைய ரசிகர்கள் சொல்லிவரும் கதைதானா?

இடக்கைக்காரன்:

கதை அன்று, நண்பரே. டேவிட் கிளைட் என்ற பெயரைத் தேடிப் பாருங்கள். ஹூஸ்டனில் பள்ளி இறுதியாண்டில் 18 ஆட்டங்கள் வென்று ஒன்றில்கூடத் தோற்காத இடக்கைப் பிட்சர் அவர். 1973 டிராஃப்டில் டெக்சஸ் ரேஞ்சர்ஸ் அணி அவரை முதல் ஆளாக எடுத்தது. அந்த ஆண்டு 105 ஆட்டங்களில் தோற்கவிருந்த அணி அது. அரங்கில் கூட்டமே இல்லை. உரிமையாளர் பாப் ஷார்ட்டுக்குத் தேவைப்பட்டது டிக்கெட் விற்பனை. பள்ளிக்காக வீசிய கடைசி ஆட்டம் முடிந்து இருபதே நாட்களில், ஜூன் 27 அன்று, 18 வயதுக் கிளைட் மின்னசோட்டா ட்வின்ஸுக்கு எதிராக மேஜர் லீக் மேட்டில் நின்றார். முதல் இரண்டு பேருக்கு வாக் (நான்கு பந்துகள் அடிக்கத்தக்க ஸ்ட்ரைக் எல்லைக்கு வெளியே போனதால் மட்டையாளருக்கு இலவசமாகக் கிடைக்கும் முதல் பேஸ்) கொடுத்தார். அடுத்த மூவரையும் ஸ்ட்ரைக் அவுட் செய்தார். ஐந்து இன்னிங்ஸில் ஒரே ஒரு ஹிட் (பந்தை அடித்துப் பேஸை அடைவது), எட்டு ஸ்ட்ரைக் அவுட், ஆனால் ஏழு வாக். ஆட்டம் வெற்றி, ஆர்லிங்டன் அரங்கின் டிக்கெட் முழுவதும் விற்றது அதுவே முதல் முறை.

இரண்டு ஆட்டங்கள் வீசியதும் அவரை மைனர் லீக்குக்கு அனுப்பிவிடுவதாகத்தான் ஏற்பாடு. கூட்டத்தைக் கண்டபின் அந்த ஏற்பாட்டை யாரும் நினைவில் வைத்துக்கொள்ளவில்லை. மீதமுள்ள பருவம் முழுவதும் மேலேயே வைத்திருந்தார்கள். 4 வெற்றி, 8 தோல்வி, சராசரி 5.01. தோள்வலியும் அறுவை சிகிச்சையும் பின்னால் வந்தன. 1979இல், 24 வயதில், 18 வெற்றி 33 தோல்வியுடன் அவருடைய மேஜர் லீக் வாழ்க்கை முடிந்துவிட்டது.

அந்த முதல் ஆட்டத்தின் ஏழு ‘வாக்’களை நான் அடிக்கடி நினைத்துப் பார்ப்பதுண்டு. எட்டு ஸ்ட்ரைக் அவுட்டைப் பார்த்துத்தான் கூட்டம் மகிழ்ந்தது. எதைக் கற்றுக்கொடுக்க வேண்டும் என்று காட்டியதோ அந்த ஏழு ‘வாக்’கள். பள்ளி மாணவர்கள் வேகத்தைக் கண்டே மட்டையைச் சுற்றிவிடுவார்கள். டபுள்-ஏ (டிரிபிள்-ஏக்கு ஒரு படி கீழ்) நிலையில் உள்ளவர்கள் ஸ்ட்ரைக் எல்லைக்கு வெளியே வளைந்து விழும் கர்வ்பாலைத் தொடாமல் விட்டுவிட்டு, அடுத்து வரும் நேர்ப்பந்துக்காக (நேராக வரும் வேகப்பந்து) காத்திருப்பார்கள். அந்த நேரத்தில் கைகொடுக்க மூன்றாவது ஒரு பந்து, பெரும்பாலும் சேஞ்ச்அப் (நேர்ப்பந்துபோல் தோன்றி மெதுவாக வரும் பந்து), வேண்டும். ஆனால் கையில் இன்னும் படியாத பந்தை வீசிப் பழகினால் அடி விழும், ஆட்டங்கள் போகும். மைனர் லீக்கில் அப்படிப் போவதைப் பற்றி யாரும் கவலைப்படுவதில்லை. ‘இன்று அடி விழுந்தாலும் பரவாயில்லை, இத்தனை சேஞ்ச்அப் வீசிவிட்டு வா’ என்று அங்கே பயிற்சியாளரால் சொல்ல முடியும். 35,000 பேர் பார்த்துக்கொண்டிருக்கும் இடத்தில் எவராலும் அப்படிச் சொல்ல முடியாது. தோற்றுக்கொண்டே கற்பதற்கு ஓர் இடம் தருவதுதான் மைனர் லீக்கின் பயன் என்பது என் கருத்து. கையின் பாதுகாப்பு அதற்கு அடுத்தபடிதான்.

கணக்கர்:

பணம் பற்றிய கேள்வியையும் விட்டுவிடக் கூடாது. மேஜர் லீக் பட்டியலில் 172 நாட்கள் இருந்தால் ஓர் ஆண்டுப் பணிக்காலம். ஆறு ஆண்டுகள் நிறைந்தால் வீரர் எந்த அணிக்கும் போகலாம். தொடக்கத்தில் சில வாரங்கள் கீழே வைத்திருந்தால், அணிக்கு அவர் ஏறக்குறைய இன்னோர் ஆண்டு கிடைப்பார். இதைத் தடுப்பதற்காகவே அணிகளுக்கும் வீரர் சங்கத்துக்கும் இடையிலான 2022 ஒப்பந்தத்தில் ஒரு விதி சேர்க்கப்பட்டது: சிறந்த புதுமுகத்துக்கான வாக்கெடுப்பில் முதல் இரண்டு இடங்களில் வருபவருக்கு, எப்போது மேலே வந்திருந்தாலும், முழு ஆண்டுக் கணக்கு உண்டு. ஸ்கீன்ஸ் அந்த விருதை வென்றார், முழு ஆண்டும் பெற்றார். பைரேட்ஸின் நோக்கம் பணம்தான் என்று வைத்துக்கொண்டாலும் அது பலிக்கவில்லை.

இன்னொரு விதியையும் பலர் கவனிப்பதில்லை. அணியின் நாற்பது பேர் பட்டியலில் (மேஜர் லீக்கில் ஆட அழைக்கத்தக்கவர்கள்) சேர்க்கப்பட்ட ஒருவரை அணி தன் விருப்பப்படி மைனருக்கு அனுப்பக்கூடிய பருவங்கள் பொதுவாக மூன்றுதான். அதற்குப் பிறகு கீழே அனுப்ப வேண்டுமானால், முதலில் மற்ற எல்லா அணிகளுக்கும் அவரை எடுத்துக்கொள்ள வாய்ப்புத் தர வேண்டும். இருபது வயதில் அவசரப்பட்டுப் பட்டியலில் சேர்த்தால், இருபத்துமூன்றில் அவர் அரைகுறையாகக் கற்றிருக்கும்போதே கைநழுவிப் போகலாம்.

ஏழாவது இன்னிங்ஸ்:

நான் மறுபக்கம் நிற்கிறேன். கிளைட் ஒருவரைக் காட்டி ‘காத்திருந்தால் பிழைத்திருப்பார்’ என்று சொல்வது எளிது. கிரெக் மேடக்ஸ் 20 வயதில் மேலே வந்தார். 1987இல் 6 வெற்றி, 14 தோல்வி, சராசரி 5.61 என்று நன்றாக அடி வாங்கினார். மறு ஆண்டே 18 ஆட்டங்களை வென்று, கடைசியில் 355இல் முடித்தார். டுவைட் கூடன் 1983இல் சிங்கிள்-ஏ (டபுள்-ஏக்கும் கீழான படி) நிலையில் 300 பேரை ஸ்ட்ரைக் அவுட் செய்துவிட்டு, மறு ஆண்டு 19 வயதில் நேராக நியூயார்க் மெட்ஸுக்கு வந்து, மேலும் 276 பேரை வெளியேற்றினார். அவருடைய பின்னாள் சரிவில் போதைப்பழக்கத்துக்கும் பங்கு உண்டு என்பதால், அதை முழுவதும் அவசரத்தின் கணக்கில் எழுத முடியாது.

பார்த்துப் பார்த்து வளர்த்தவர்களின் கதையையும் சொல்ல வேண்டும். ஸ்டீபன் ஸ்ட்ராஸ்பர்க்கை வாஷிங்டன் அணி பதினொரு மைனர் ஆட்டங்களுக்குப் பிறகே, 2010 ஜூனில், மேலே கொண்டுவந்தது. முதல் ஆட்டத்திலேயே 14 ஸ்ட்ரைக் அவுட். பன்னிரண்டு ஆட்டங்கள் முடிவதற்குள் முழங்கைத் தசைநார் கிழிந்தது. கிழிந்த தசைநாரை மாற்றும் டாமி ஜான் அறுவை சிகிச்சை. மீண்டுவந்தவரை 2012இல் 159 இன்னிங்ஸ் தாண்டியதும் நிறுத்திவிட்டார்கள். 98 ஆட்டங்கள் வென்றிருந்த அணி அவர் இல்லாமலே பிளேஆஃபுக்கு (பருவ முடிவில் நடக்கும் வெளியேற்றச் சுற்றுகள்) போய் முதல் சுற்றில் தோற்றது. அந்தச் சிக்கனத்துக்குப் பலன் 2019 உலகத் தொடரின் (மேஜர் லீக் இறுதித் தொடர்) சிறந்த வீரர் விருது என்பார்கள், மறுக்கவில்லை. ஆனால் அதன்பின் 24.5 கோடி டாலர் ஒப்பந்தத்தில் அவரால் வீச முடிந்தது எட்டே ஆட்டங்கள். இளம் பிட்சருக்கு ஓர் ஆண்டில் 30 இன்னிங்ஸுக்கு மேல் கூட்டக் கூடாது என்று ஒரு காலத்தில் வேதவாக்குபோல் சொன்னார்கள். பின்னர் கணக்குப் போட்டுப் பார்த்தவர்களுக்கு அதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை.

கையை உடைப்பது, எந்த லீக்கில் வீசுகிறார் என்பதைவிட, ஒவ்வொரு பந்தையும் முழு வேகத்தில் வீசும் பழக்கம்தான். மேஜர் லீக் நிர்வாகம் 2024 டிசம்பரில் வெளியிட்ட ஆய்வறிக்கையும் இதைத்தான் முதன்மையாகக் குறித்தது: நேர்ப்பந்தின் சராசரி வேகம் 2008இல் 91.3 மைல், 2024இல் 94.2 மைல். அந்தப் பழக்கம் பதினான்கு வயதிலேயே தொடங்கிவிடுகிறது. டிரிபிள்-ஏயில் ஆறு வாரம் அளந்து வீசியதால் அது மாறிவிடுமா?

புதுப் பார்வையாளன்:

விரிவான பதில்களுக்கு நன்றி. இரண்டு ஐயங்கள் மிஞ்சுகின்றன. முழு வேகம்தான் குற்றவாளி என்றால், வேகமான கையை வைத்துக்கொண்டு உண்மையிலேயே பொறுமை காட்டிய அணி எங்காவது இருக்கிறதா? மேலே வந்துவிட்டவரைக் கீழே அனுப்பினால் மனம் உடைந்துவிடாதா?

ஏழாவது இன்னிங்ஸ்:

முதல் ஐயத்துக்கு ஜப்பானைப் பாருங்கள். ரோக்கி சசாக்கி பள்ளியிலேயே மணிக்கு 163 கிலோமீட்டர் வேகம் தொட்டவர். 2019 ஜூலையில் இவாத்தே மாநிலப் போட்டியில் ஒருநாள் 194 பந்துகள் வீசினார். சில நாட்களில் அரையிறுதியில் மேலும் 129. மறுநாள் இறுதி ஆட்டம். வென்றால் கோஷியன் என்ற நாடு தழுவிய பள்ளிப் போட்டி, அதாவது அந்நாட்டுப் பள்ளி மாணவர்களின் வாழ்நாள் கனவு. பயிற்சியாளர் அவரைக் களமிறக்கவே இல்லை. அணி 12-2 என்று தோற்றது. பள்ளிக்குக் கண்டனங்கள் குவிந்தன. 1998இல் டைசுகே மட்சுசாக்கா 17 இன்னிங்ஸில் 250 பந்துகள் வீசியதை வீரமாகக் கொண்டாடிய நாடு அது என்பதை நினைவில் கொண்டால், அந்தப் பயிற்சியாளரின் துணிவு புரியும்.

பிறகு சசாக்கியை எடுத்த சிபா லோட்டே அணி 2020 முழுவதும் ஓர் அதிகாரபூர்வ ஆட்டத்தில்கூட, இரண்டாம் அணிக்குக்கூட, அவரை வீச விடவில்லை. உடலை மட்டும் வளர்த்தது. 2022 ஏப்ரல் 10 அன்று, 20 வயதில், 105 பந்துகளில் 19 ஸ்ட்ரைக் அவுட்டுடன் ஒருவரையும் பேஸுக்கு விடாத முழுமையான ஆட்டம் ஆடினார். அடுத்த வாரமும் எட்டு இன்னிங்ஸ் வரை எவரும் பேஸை அடையவில்லை. 102 பந்துகள் ஆனதும் வெளியே எடுத்துவிட்டார்கள். என் வாதத்தை நானே கைவிட்டதாக எண்ண வேண்டாம்: அமெரிக்காவின் டாட்ஜர்ஸ் அணிக்கு வந்த 2025இல் தோள் தொல்லையால் பல மாதங்கள் ஒதுங்கியிருந்து, செப்டம்பரில் ரிலீவராகத்தான் (ஆட்டத்தின் இடையில் வந்து வீசுபவர்) திரும்பினார்.

இடக்கைக்காரன்:

இரண்டாவது ஐயத்துக்கு ராய் ஹாலடே. டொராண்டோ அணிக்காக 1998இல், தன் இரண்டாவது ஆட்டத்திலேயே, ஹிட் எதுவும் கொடுக்காத ஆட்டத்துக்கு ஒரே ஓர் அவுட் தொலைவில் நின்றவர். 2000இல் 67 இன்னிங்ஸ் சொச்சத்தில் அவருடைய சராசரி 10.64; ஐம்பது இன்னிங்ஸாவது வீசியவர்களில் அவ்வளவு மோசமான பருவம் வரலாற்றில் வேறெவருக்கும் இல்லை. அடுத்த வசந்தத்தில் அவரை டிரிபிள்-ஏக்கு அனுப்பவில்லை, அதற்கும் கீழே, டனீடனில் உள்ள சிங்கிள்-ஏ அணிக்கு அனுப்பினார்கள். பயிற்சியாளர் மெல் குவீன் அவருடைய வீச்சு முறையையே கலைத்துக் கட்டினார். தலைக்கு மேலிருந்து இறங்கிய கை பக்கவாட்டுக்குச் சற்றுத் தாழ்ந்தது. நேராகப் போய் அடிவாங்கிய வேகப்பந்து, கடைசி நேரத்தில் கீழிறங்கும் பந்தாகவும் விலகும் பந்தாகவும் மாறியது. அந்தக் கோடையிலேயே மேலே திரும்பியவர் 2003இல் 22 வெற்றிகளுடன் சிறந்த பிட்சருக்கான சை யங் விருது பெற்றார். 2010இல் ஒரு முழுமையான ஆட்டமும் பிளேஆஃபில் ஹிட் கொடுக்காத ஓர் ஆட்டமும் ஆடினார்.

மனம் உடைந்ததா என்றால், உடைந்தது. அதை அவரே மறைத்ததில்லை. ஆனால் அவரை என்ன கற்க அனுப்பினார்கள் என்பது அனுப்பியவர்களுக்குத் தெரிந்திருந்தது. ‘ஏழாவது இன்னிங்ஸ்’ நண்பர் கேட்ட ஆறு வாரக் கேள்விக்கும் என் பதில் இதுதான்: ஸ்கீன்ஸிடம் திருத்த வேண்டியது அதிகம் இல்லை, அதனால் ஆறு வாரம் போதுமானதாக இருந்தது, ஹாலடேவுக்கு ஏறத்தாழ அரைப் பருவம் தேவைப்பட்டது, கிளைட்டுக்கு மூன்று ஆண்டுகள் தேவைப்பட்டிருக்கலாம். நீங்கள் இனி மைனர் லீக் ஆட்டம் பார்க்க வாய்த்தால், ஸ்கோரை விட்டுவிட்டு, இரண்டு பந்துகள் ஸ்ட்ரைக் எல்லைக்கு வெளியே போன பிறகு அந்த இளைஞர் மூன்றாவதாக எதை வீசுகிறார் என்று மட்டும் கவனியுங்கள். அடி விழுந்தாலும் அந்த நேரத்தில் சேஞ்ச்அப் வீசத் துணிகிறார் என்றால், அவரை மேலே அழைக்கும் நாள் தொலைவில் இல்லை.