195 டயரிலிருந்து 225க்குப் போகலாமா? முன்பக்கம் வழுக்குகிறது, அவசரம்

மூன்றாம்கியர்:
வணக்கம் நண்பர்களே. அடுத்த வாரம் பந்தயம், நாளைக்குள் டயருக்கு ஆர்டர் சொல்லியாக வேண்டும். இப்போது ஓடுவது 195 மி.மீ. அகலம். வளைவில் முன்பக்கம் திரும்பாமல் நேராகவே போகிறது, ஸ்டீயரிங்கை இன்னும் ஒடித்தால் கீச்சென்று சத்தம்தான் கூடுகிறது. 225 போட்டால் சரியாகுமா, இல்லை 205 போதுமா?

பிட்சுவர்:
என்ன எடை? ஃப்ரண்ட் வீல் டிரைவா, அதாவது எஞ்சின் முன் சக்கரத்தைத்தான் ஓட்டுகிறதா? ரிம் அகலம் எவ்வளவு? இது தெரியாமல் என்ன சொல்வது.

அகலடயர்:
225 போடுங்கள், யோசிக்கவே வேண்டாம். ரப்பர் கூடினால் பிடிப்பு கூடும். 2017இல் எஃப்1 (ஃபார்முலா 1) வண்டிகளுக்கே முன் டயரை 245இலிருந்து 305 மி.மீ. ஆக்கினார்கள், பின்னால் 325இலிருந்து 405. வளைவில் வேகம் எப்படி ஏறியது என்று எல்லாரும் பார்த்தோம்.

லேப்நோட்டு:
அந்த வண்டியில் காற்றே டயரைத் தரையோடு அழுத்துகிறது, எஞ்சின் சக்தியும் வேறு. அதே எஃப்1இல் 2026 விதிகளில் முன் டயரை 25 மி.மீ., பின் டயரை 30 மி.மீ. குறைத்தும் விட்டார்கள், எடையும் காற்றுத்தடையும் குறையட்டும் என்று. சக்தி குறைந்த வண்டிக்கு அகல டயர் நேர்ப்பாதையில் பாரம்தான், லேசான வண்டியில் சூடேறவும் நேரமாகும். என் ஓட்டு 205க்கு.

பழையகை:
மாதம் ஒருவர் இதே கேள்வியோடு வருகிறார், ஒருவரும் முதலில் அளந்து பார்ப்பதில்லை. தம்பி, டயர் வாங்குவது கடைசி வேலை. பைரோமீட்டர் (டயர் சூட்டை அளக்கும் ஊசிக் கருவி) எடுத்து, வேகமாக ஓடிவிட்டு உள்ளே வந்ததும் ஒவ்வொரு டயரிலும் உள்விளிம்பு, நடு, வெளிவிளிம்பு மூன்று இடத்திலும் ஊசியைக் குத்திப் பார். அதைச் செய்யாமல் 225 என்று பேசுவதற்கு இன்னும் கொஞ்சம் அனுபவம் வேண்டும்.

பிட்சுவர்:
விஷயம் சரிதான் அண்ணே, கொஞ்சம் பதமாகவே சொல்லலாம். புதியவர்கள் கேட்டுத்தானே தெரிந்துகொள்ள வேண்டும்.

மூன்றாம்கியர்:
மன்னிக்கவும், அவசரத்தில் விட்டுவிட்டேன். ஃப்ரண்ட் வீல் டிரைவ், 1.6 லிட்டர் எஞ்சின், நான் உட்கார்ந்தால் சுமார் 1,000 கிலோ. 195/50 ஆர்15 (பக்க உயரம் அகலத்தில் 50 சதவீதம், ரிம் விட்டம் 15 அங்குலம்), ரிம் அகலம் 6.5 அங்குலம். விதியில் அகலத்துக்குக் கட்டுப்பாடு இல்லை, ட்ரெட்வேர் (ரப்பர் தேய்மான மதிப்பெண்) 200 இருந்தால் போதும்.

பிட்சுவர்:
அப்படியானால் 225 இந்த ரிம்மில் வேண்டாம். 225/45 ஆர்15க்குக் குறைந்தது 7 அங்குல ரிம் வேண்டும், பந்தயத்துக்கு என்றால் 8 நல்லது. 6.5இல் மாட்டினால் சைடுவால் (டயரின் பக்கச்சுவர்) புடைத்துக்கொண்டு நிற்கும், வளைவில் டயர் ரிம்முக்கு மேல் சாய்ந்து ஆடும், திருப்பினால் பதில் தாமதமாக வரும். 205/50க்கு 5.5 முதல் 7.5 வரை போகும். விட்டம் 195இல் 576 மி.மீ., 205இல் 586, கியர் அவ்வளவாக மாறாது. கேம்பர் (முன்னாலிருந்து பார்த்தால் சக்கரம் சாய்ந்திருக்கும் கோணம், மேல்பக்கம் உள்ளே சாய்ந்தால் மைனஸ்) எவ்வளவு வைத்திருக்கிறீர்கள்? டயர் சூடாக இருக்கும்போது பிரஷர் எவ்வளவு?

லேப்நோட்டு:
இன்னொன்று. அகலத்தால் தரையைத் தொடும் பரப்பு பெரிதாகக் கூடாது. சக்கரத்துக்கு 250 கிலோ, 29 பிஎஸ்ஐ என்றால் கணக்கில் சுமார் 125 சதுர செ.மீ. அகல டயரிலும் அவ்வளவுதான், வடிவம்தான் நீளம் குறைந்து அகலமாகும்.

அகலடயர்:
அப்படியானால் எல்லாரும் சைக்கிள் டயரில் ஓட வேண்டியதுதானே? சைடுவாலும் கொஞ்சம் எடையைத் தாங்குகிறது, உங்கள் கணக்கு அச்சாக ஒத்துவராது. அகல டயரில் பிரஷரைக் குறைத்து ஓடலாம், அங்கேதான் பரப்பு கூடுகிறது.

லேப்நோட்டு:
பிரஷரைக் குறைத்தால் கூடும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அது பிரஷரின் வேலை. அகலம் தருவது வேறு: தொடும் இடம் நீளம் குறைவாக இருப்பதால் குறைந்த சறுக்கு கோணத்திலேயே (சக்கரம் பார்க்கும் திசைக்கும் அது உண்மையில் போகும் திசைக்கும் உள்ள கோணம்) டயர் முழுப் பிடிப்புக்கு வரும், திருப்பியதும் வண்டி பதில் சொல்லும்.

அகலடயர்:
அதைத்தானே நான் முதலிலிருந்து சொல்கிறேன், அகலம் நல்லது.

பழையகை:
நீங்கள் இருவரும் தனியாக ஓர் இழை திறந்து சண்டை போடுங்கள். கேட்டவன் கேம்பரே சொல்லவில்லை. பைரோமீட்டர் இல்லையென்றால் டயரின் தோளில் (தரையில் படும் பகுதி சைடுவாலோடு சேரும் விளிம்பு) குறுக்காகச் சாக்பீஸ் கோடு போட்டுவிட்டு ஓடு. கோடு சைடுவால் வரை அழிந்திருந்தால் டயர் தோளில் புரண்டு ஓடுகிறது என்று பொருள். அப்போது எந்த அகலம் போட்டாலும் ஒரு பக்கம்தான் தேயும்.

மூன்றாம்கியர்:
இன்று பயிற்சி நேரம் கிடைத்தது, பைரோமீட்டரும் ஒருவரிடம் வாங்கினேன். இடது முன் டயர்: உள்ளே 71, நடுவில் 84, வெளியே 96 டிகிரி. கேம்பர் மைனஸ் 1 மட்டும். வெளித்தோளில் ரப்பர் பொடிப்பொடியாகச் சுருண்டு கிடந்தது, உள்ளே புதுசு மாதிரி இருக்கிறது.

பழையகை:
நடுச் சூடு இரண்டு விளிம்புக்கும் இடையில் சரியாக இருக்கிறது, பிரஷரைத் தொடாதே. முன் கேம்பரை மைனஸ் 2.5க்கு மேல் கொண்டு போ, உள்விளிம்பு வெளியைவிடக் கொஞ்சம் சூடாக வர வேண்டும். டோவை (மேலிருந்து பார்த்தால் சக்கரங்கள் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு) மறுபடி அளக்க மறக்காதே, கேம்பர் மாற்றினால் அதுவும் மாறிவிடும். அளந்து வந்தாயே, நல்லது.

மூன்றாம்கியர்:
கேம்பர் மைனஸ் 2.8, டோ நேராக்கியாச்சு. அதே 195இல் லேப்புக்கு 1 வினாடிக்கு மேல் குறைந்தது, முன்பக்கம் திரும்புகிறது. 205 சொல்லிவிட்டேன். எல்லாருக்கும் நன்றி, வண்டியை ஏற்ற வேண்டும், அப்புறம் வருகிறேன்.

லேப்நோட்டு:
205 மாட்டிய பிறகு மூன்று இடத்துச் சூட்டையும் இங்கே போடுங்கள். ஸ்டீயரிங்கை முழுதாக ஒடிக்கும்போது உள்ஃபெண்டரில் (சக்கரத்தைச் சுற்றிய உள்மூடி) உரசுகிறதா என்றும் பாருங்கள்.